பெல் இல்லாத வீடு

என்ன விஷயம்?

கௌசல்யாவா? ஆமா, இந்த வீடுதான். கௌசல்யா என் மக. நான்தான் பக்கிரிசாமி. நீங்க யாரு? வெரிஃபிகேஷனா? போலீஸா நீங்க? கம்பெனியா, எந்தக் கம்பெனி? இருங்க இருங்க, மொதல்ல ஐ.டி. கார்டை எடுங்க. கிரில் வழியா நீட்டுங்க போதும். தப்பா எடுத்துக்காதீங்க, கிரில் பூட்டியிருக்கு, சாவி உள்ள கிடக்கு.

ஜெ. ரெஜினா மேரி. ம். போட்டோவுல கண்ணாடி இல்லை, நேர்ல போட்டிருக்கீங்க. சரி, மூக்கு ஒத்துப்போகுது. மூஞ்சியைச் சுளிக்காதீங்க மேடம், இது என் பழக்கம். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில டி.டி.ஆரா இருந்தவன் நான். கார்டைப் பாப்பேன், ஆளைப் பாப்பேன், மறுபடி கார்டைப் பாப்பேன். வித்தவுட்ல வர்றவன் நிக்கிற தோரணையை வெச்சே புடிச்சிடுவேன். நீங்க ஒழுங்கான ஆளுதான். சொல்லுங்க.

மஸ்கட்டா? கௌசல்யாவுக்கு மஸ்கட்ல வேலையா? அடேங்கப்பா. பெரிய ஹோட்டலா? வர்றவங்களை வாசல்ல நின்னு வரவேற்கிற வேலையா. அதுக்கு ஒரு பேரு, அதுக்கு ஒரு கோட்டு. சரி. அதுக்கு நீங்க ஏன் இந்த வெயில்ல ஸ்கூட்டரை ஓட்டிக்கிட்டு கிராப்பட்டி வரைக்கும் வரணும்? ஓ, அவ கொடுத்த நிரந்தர முகவரி உண்மைதானான்னு வீட்டு ஆளு ஒருத்தர் சொல்லிக் கையெழுத்துப் போடணுமா. ஆமான்னு ஒரு கட்டம், இல்லைன்னு ஒரு கட்டம். இல்லைன்னு டிக் போட்டா என்ன ஆகும்? ரிப்போர்ட் தப்பாப் போகும், அவங்க வேற ஆளைப் பாத்துப்பாங்க. புரியுது, புரியுது. ரிசர்வேஷன் சார்ட்ல பேர் இல்லைன்னா வண்டியில ஏத்தக் கூடாது. எனக்கா தெரியாது.

காட்டுங்க, இந்த முகவரியவா கொடுத்திருக்கா? நம்பர் பதினேழு, ரெண்டாவது குறுக்குத் தெரு. ஜெராக்ஸா இருந்தாலும் அவ கையெழுத்துதான். 'ல'வுக்கு இப்படித்தான் வாலை நீட்டுவா.

கையெழுத்துத்தானே, போட்டா போச்சு. ஆனா யோசிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்ல? அந்தப் பொண்ணு இந்த வீட்டுப் படியை மிதிச்சு மூணு வருஷம் ஆச்சு. மூணு வருஷமா வராத ஆளுக்கு இது எப்படி நிரந்தர முகவரி ஆகும்? நீங்கதான் வெரிஃபிகேஷன், நீங்களே சொல்லுங்க. வெயில் அடிக்குதா? அந்த முருங்கை நிழல் பக்கமா ஒரு எட்டு தள்ளி நில்லுங்க. ஆங், அங்கதான். இப்பக் கேளுங்க.

எல்லாம் அந்தப் படிப்பால வந்தது. அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தா பாருங்க, அன்னைக்குப் புடிச்சது சனியன்.

பன்னெண்டாவதுல ஆயிரத்து நாப்பத்திரெண்டு மார்க்கு. கம்ப்யூட்டர் குரூப். இந்தத் தெருவுலயே அந்த வருஷம் அதான் மொதல் மார்க்கு. நான் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு பாரம் வாங்கி, நானே பூர்த்தி பண்ணி, போட்டோ ஒட்டி, எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். பி.இ. முடிக்க வேண்டியது, ரயில்வே பரீட்சை எழுத வேண்டியது, எங்க டிபார்ட்மெண்டுலயே உக்கார வேண்டியது. குவார்ட்டர்ஸ் உண்டு, பாஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேணும்?

ஒரு நாள் சாயங்காலம் எந்திரிச்சு வர்றேன், சாப்பாட்டு மேஜையில தம்ளருக்கு அடியில ஒரு சீட்டு. எங்க வீட்டுல அப்படித்தான், அதைச் சொல்லணும் உங்களுக்கு. எனக்குப் பெரும்பாலும் ராத்திரி வண்டி. காலையில வந்து படுத்தா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எந்திரிப்பேன். என்னை எழுப்பக் கூடாது. அது சட்டம். அதனால பொண்டாட்டியும் சரி, பொண்ணும் சரி, எதுவா இருந்தாலும் எழுதி வெச்சிடுவாங்க. பழைய ரிசர்வேஷன் சார்ட்டு வீட்டுல கட்டுக்கட்டா கிடக்கும், அதோட பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கும், அதைக் கிழிச்சு வெச்சுக்குவாங்க. 'பால்காரர் நாளைக்கு வர மாட்டார்.' 'கௌசிக்கு ஜுரம்.' நான் எந்திரிச்சுப் படிச்சுட்டு, அதுக்குக் கீழயே பதில் எழுதிட்டு, ஷூவை மாட்டிக்கிட்டு டூட்டிக்குப் போயிடுவேன். ஒரு சண்டை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. அந்த மாதிரி ஒழுங்கான வீடு திருச்சியில எங்க தேடினாலும் கிடைக்காது.

அன்னைக்குச் சீட்டுல என்ன எழுதியிருந்தா தெரியுமா? 'அப்பா, நான் ஹாஸ்பிடாலிட்டி அண்ட் டூரிஸம் மேனேஜ்மெண்ட் டிகிரி படிக்கலாம்னு இருக்கேன். கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ் இருக்கு. உங்க அபிப்பிராயம் என்ன?'

எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. ஸ்டேஷனுக்குப் போய் எங்க ஆளுங்ககிட்ட விசாரிச்சேன். ஓட்டல் படிப்பு சார் அதுன்னாங்க. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஓட்டல்னா எனக்கு என்ன தெரியும்? ரயில்ல சமைக்கிற பேன்ட்ரி காரு தெரியும். வேர்வை வழிய இட்லி வடை, இட்லி வடைன்னு கத்திக்கிட்டு என்னை இடிச்சுட்டுப் போவாங்களே, அவங்களைத் தெரியும். ஆயிரத்து நாப்பத்திரெண்டு வாங்கினது இதுக்கா? அடுத்தவன் சாப்பிட்ட தட்டை எடுக்குறதுக்கு மூணு வருஷம் படிப்பா? 'முடியாது'ன்னு சீட்டுல எழுதி, அடியில ஒரு கோடும் போட்டு வெச்சுட்டுப் போயிட்டேன்.

மறுநாள் அடுத்த சீட்டு. 'இது தட்டு எடுக்குற படிப்பு இல்லைப்பா. வர்றவங்களை எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லிக் கொடுக்குற படிப்பு.' நான் எழுதினேன், 'பி.இ. படி.' அவ எழுதினா, 'பி.இ. புடிக்கலை. எனக்கு ஆளுங்களோட பேசுற வேலை வேணும்.' எனக்குச் சுர்ருன்னுச்சு. 'யாரோட பேசணும் உனக்கு?'ன்னு கேட்டு எழுதினேன். அதுக்கு என்ன பதில் வந்துச்சு தெரியுமா மேடம்? 'யாரா இருந்தாலும் பரவாயில்லை.'

பாத்தீங்களா திமிரை? யாரா இருந்தாலும் பரவாயில்லையாம். பெத்த அப்பனுக்கு எழுதுற பதிலா இது? ஒரு வாரம் இப்படியே ஓடுச்சு. ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, ஒரு வார்த்தை வாயால பேசலை ரெண்டு பேரும். சீட்டு, சீட்டு, சீட்டு. அந்தச் சீட்டெல்லாம் இன்னும் வெச்சிருக்கேன். எதுக்குன்னு கேக்காதீங்க. தூக்கிப் போட மனசு வரலை, அவ்வளவுதான்.

தொண்டை காஞ்சு போச்சு. இருங்க, உள்ள போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்.

ஆங். நிக்கிறீங்களா, பரவாயில்லையே. போயிருப்பீங்கன்னு நெனச்சேன். பானைத் தண்ணி, வெட்டிவேர் போட்டது. பிரிட்ஜ் தண்ணி எனக்கு ஒத்துக்காது. எதுல விட்டேன்?

சீட்டு. சரி, அதுக்கப்புறம் நானே ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் காலேஜுல இன்டர்வியூ உண்டுன்னாங்க. நம்ம பொண்ணோ வாயே திறக்காது. பக்கத்து வீட்டுக்காரம்மா கூப்பிட்டாக் கூடத் தலையைத்தான் ஆட்டும். இன்டர்வியூவுல எப்படியும் ஊத்திக்கும், ஊத்திக்கிட்டா தானா வழிக்கு வந்துடும். 'சரி, இன்டர்வியூவுக்குக் கூட்டிட்டுப் போறேன்'னு எழுதி வெச்சேன். எந்திரிச்சு வந்து பாக்குறேன், அந்தச் சீட்டுல நன்றிப்பான்னு எழுதி, சுத்திப் பூ வரைஞ்சு வெச்சிருக்கு.

கோயம்புத்தூருக்குப் பகல் வண்டியில போனோம். என் பாஸ்லதான். அவ ஜன்னல் ஓரம், நான் எதிர்ல. கரூர் தாண்டினதும் என் பக்கத்துல ஒரு குடும்பம் வந்து உக்காந்துச்சு. புளியோதரை பொட்டலத்தைப் பிரிச்சாங்க, இவளுக்கும் ஒரு கை எடுத்துக் கொடுத்தாங்க. இவளும் வாங்கித் தின்னுக்கிட்டு, எந்த ஊரு, என்ன வேலை, பாப்பாவுக்கு என்ன பேருன்னு ஈரோடு வரைக்கும் ஓயாம பேசிக்கிட்டே வர்றா. நான் பேப்பரைப் படிக்கிற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தேன். இதுக்கு இவ்வளவு பேச வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். சத்தியமா சொல்றேன், அவ குரல் அப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. வீட்டுல எல்லாரும் குசுகுசுன்னுதானே பேசுவாங்க, நான் தூங்கறேன்னு.

இன்டர்வியூவுல ரெண்டு பேரு. ஒரு சாரு, ஒரு மேடம். பெத்தவங்களும் பக்கத்துல உக்காரலாம்னாங்க, உக்காந்தேன். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தே, இங்கிலீஷ் வருமான்னு என்னென்னமோ கேட்டாங்க. எதுக்கும் வாய் திறக்கலை. நான் நெனச்ச மாதிரியே ஊத்திக்கிச்சு. அப்புறம் அந்த மேடம் பேனாவை மூடி வெச்சுட்டு, தமிழ்ல கேட்டாங்க. 'உங்க வீட்டுக்குக் கடைசியா வந்த விருந்தாளி யாரும்மா? அவங்களை எப்படிக் கவனிச்சே?'

சுலபமான கேள்விதானே? எங்க அத்தை வந்தாங்க, காப்பி போட்டுக் கொடுத்தேன், முறுக்கு வெச்சேன்னு சொல்ல வேண்டியதுதானே? ஒரு பொய்தான் சொன்னா என்ன? குடி முழுகிடுமா?

இவ சொல்றா: 'எங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க மேடம். அப்பாவுக்கு நைட் டூட்டி, பகல்ல தூங்குவாங்க. நான் நாலாவது படிக்கிறப்ப என் ஃபிரெண்டு வந்து பெல் அடிச்சிட்டா. அப்பா எந்திரிச்சு வந்து பெல் வயரை வெட்டிட்டாங்க. அதுல இருந்து யாரும் வரலை.'

வெட்டினேன். நான் இல்லைன்னு சொல்லலை. சென்னை வண்டியில விடிய விடிய நின்னுட்டு வந்து இப்பத்தான் கண் அசந்தேன், டிங் டாங், டிங் டாங்னு அடிக்குது ஒரு பொடிசு, பல்லாங்குழி ஆடக் கூப்பிட. கட்டிங் பிளேயரை எடுத்தேன், ஒரே வெட்டு. நீங்க மேல பாத்தீங்களே, அந்த ஸ்விட்சு சும்மாதான் இருக்கு. என் இடத்துல இருந்து பாத்தாத்தானே தெரியும்? தூங்காம போய் நின்னா நாளைக்கு ராத்திரி எழுவத்திரெண்டு பெர்த்தை எவன் செக் பண்ணுவான்?

அதோட விட்டாளா. சொல்றா: 'எங்கம்மா இறந்த அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்கு நிறைய பேர் வந்தாங்க.' அதைச் சொல்லப் போறாளான்னு பாக்குறேன், சொல்லியே போட்டா.

உங்க பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள்ல எழவு வீட்டுல யாரையும் 'வாங்க'ன்னு கூப்பிட மாட்டோம். வர்றவங்க சொல்லாம வருவாங்க, சொல்லாம போவாங்க. அதான் முறை. அமுதவல்லி, என் வீட்டுக்காரி, போனப்ப இவ பத்தாவது. மூச்சுத் திணறல், ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். கூடத்துல கிடத்தியிருக்கு. நான் தலைமாட்டுல உக்காந்திருக்கேன். தெருவே திரண்டு வருது. வாசல்ல ஒரு குரல் கேக்குது. 'வாங்க, வாங்க அத்தை. வாங்க மாமா, உள்ள வாங்க.' யாருடா அதுன்னு எந்திரிச்சுப் போய்ப் பாத்தா இவ. வாசப்படியில நின்னுக்கிட்டு, அழுத கண்ணோட, ஒவ்வொருத்தரையா 'வாங்க வாங்க'ன்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறா. கையில சொம்புல தண்ணி வேற. வந்தவங்க பதறிப் போய் வாசல்லயே நிக்கிறாங்க. அடியே அப்படிச் சொல்லக் கூடாதுடின்னு ஒரு அம்மா வாயைப் பொத்துறாங்க. இவளுக்குக் காதுல ஏறலை. வாங்க, வாங்க, வாங்கன்னே சொல்லுது. நான் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் ரூம்ல தள்ளிக் கதவைச் சாத்தினேன். கடைசியா அம்மா முகத்தைப் பாக்கத்தான் திறந்து விட்டேன்.

இதை, இதைப் போய், ஊரு பேரு தெரியாத ரெண்டு பேருகிட்டச் சொல்றா! 'எனக்கு முறை தெரியலை மேடம். அதுக்கு முன்னாடி யாரையும் வாங்கன்னு கூப்பிட்டதே இல்லை. நிறைய பேர் வந்ததும் கூப்பிட்டுட்டேன். எனக்கு அதை ஒழுங்காக் கத்துக்கணும்.' அப்படின்னா. தெளிவா, நிறுத்தி நிறுத்திச் சொன்னா. ரயில்ல பேசின அதே குரல்.

மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. அந்த சாரு என்னைப் பாக்குறார். நான் என்ன செய்யட்டும், 'நைட் டூட்டி சார்'னு சொன்னேன். அரை மணி நேரத்துல காலேஜ்ல சேர சீட்டு கொடுத்துட்டாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு தப்பு உண்டா என் மேல? குடிச்சேனா, அடிச்சேனா? ஊருக்கெல்லாம் என்னைக் கண்டா பயம், மரியாதை. அங்க நாற்காலியில உக்கார வெச்சு மானத்தை வாங்கிட்டா. திரும்பி வர்ற வண்டியில பேப்பரை மூஞ்சிக்கு நேரா பிரிச்சு வெச்சுக்கிட்டேன். திருச்சி ஜங்ஷன்ல இறங்கி ஆட்டோ ஏறுறப்பச் சொன்னேன். 'வீட்டு மானத்தைக் கொடுத்து சீட்டு வாங்கியிருக்கே. போய்ப் படி. அப்புறம் அங்கேயே இருந்துக்க.' அவ்வளவுதான் சொன்னேன். கோவத்துல சொல்றதுதானே. வாயில வர்றதையெல்லாம் பிள்ளைங்க மனசுல வெச்சுக்கலாமா?

அவ மாமன்தான் கொண்டுபோய்ச் சேத்துவிட்டான். மூணு வருஷம் படிச்சா. லீவுல வருவா, சமைச்சு வெப்பா, சீட்டு எழுதி வெப்பா, போவா. அப்புறம் சென்னையில வேலை. மாசத்துக்கு ஒரு போன் வரும். நான் எடுத்து 'என்ன விஷயம்'னு கேப்பேன். 'ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான்'னு சொல்லி வெச்சிடுவா. சும்மா எதுக்கு ஒரு மனுஷி போன் பண்ணணும்? அதுவும் நின்னு போச்சு.

அந்தக் கடைசித் தடவையைச் சொல்லிடறேன், அப்புறம் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. மூணு வருஷம் முன்னாடி, பொங்கலுக்கு மொத நாள். நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம். ஆனாலும் உடம்பு பழக்கம் போகலை மேடம், இன்னைக்கும் எனக்குப் பகல்லதான் தூக்கம் வரும். படுத்திருக்கேன், கிரில்லைத் தட்டுற சத்தம். எந்திரிச்சு வந்து பாத்தா இவ. கையில பை, ஒரு கட்டு கரும்பு, நீலக் கோட்டு. வேலையில இருந்து அப்படியே வண்டி ஏறியிருப்பா போல. நான் சாவி எடுக்க உள்ள போனேன். சாவி ஆணியில இல்லை, சட்டைப் பையில இல்லை, டி.வி. மேல இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும். வந்து பாத்தா ஆளைக் காணோம். கரும்பு மட்டும் கிரில்லுல சாத்தியிருக்கு.

ரெண்டு நிமிஷம்! ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியாதா? ஊருல இருக்குறவனையெல்லாம் வாசல்ல நின்னு வரவேற்கப் படிச்சவளுக்கு அப்பன் வீட்டு வாசல்ல ரெண்டு நிமிஷம் நிக்கத் தெரியலை. தெரு முனை வரைக்கும் ஓடினேன், வெறுங்காலோட. ஆட்டோ ஏறிப் போயிட்டா. அந்தக் கரும்பை நான் ஒருத்தனே எத்தனை நாள் தின்பேன் சொல்லுங்க. காஞ்சு போச்சு.

சார்ட்ல பேர் இருந்து ஆள் வரலைன்னா நாங்க ரெண்டு ஸ்டேஷன் பாப்போம். அப்புறம் பெர்த்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம். அவ கட்டிலை நான் யாருக்குக் கொடுக்குறது? விரிச்சது விரிச்சபடி கிடக்கு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தட்டி விரிப்பேன். சாயங்காலம் ஆனா ஜங்ஷனுக்குப் போய் ஒண்ணாம் பிளாட்பாரத்துல உக்காருவேன். தெரிஞ்சவங்க யாராவது போவாங்க. டூட்டியில இருப்பாங்க, நின்னு பேச நேரம் இருக்காது, கையை மட்டும் தூக்கிக் காட்டுவாங்க. கேஸ்காரன் கூட சிலிண்டரை வாசல்ல வெச்சுட்டு ஹாரன் அடிச்சுட்டுப் போயிடறான். ஒரு தொந்தரவு கிடையாது எனக்கு. தனியாத்தான் இருக்கு. ரொம்பத் தனியா இருக்கு மேடம்.

சரி, உங்க நேரத்தைச் சாப்பிட்டுட்டேன். அடுத்த முகவரிக்குப் போகணும்ல உங்களுக்கு? ஏன் இவ்வளவு நேரம் நின்னீங்க? வேற யாரா இருந்தாலும் எப்பவோ போயிருப்பாங்க. நான் போன தடவை ஒரு கூரியர்காரனை 'என்ன விஷயம்'னு கேட்டேன், பார்சலோட திரும்பிப் போயிட்டான்.

என்னது? பாரத்துல எழுதியிருக்கா? எந்தக் கட்டம்? வீட்டு அடையாளம் எழுதுற கட்டத்துலயா? கோயில் பக்கம், ஸ்கூல் பக்கம்னு எழுதியிருப்பா. இல்லையா? கொடுங்க அந்தத் தாளை. என் கண்ணாடி உள்ள இருக்கு. பரவாயில்லை, வெளிச்சத்துல பாக்குறேன்.

'பெல் வேலை செய்யாது. கிரில்லைத் தட்டவும். அப்பா என்ன விஷயம் என்று கேட்பார். அது கோபம் இல்லை, அவருடைய பழக்கம். சாவி எடுக்க நேரம் ஆகும். தயவுசெய்து போய்விட வேண்டாம். அவர் வீட்டில் தனியாக இருக்கிறார். பேசினால் கொஞ்சம் கேட்டுவிட்டு வரவும்.'

ம்.

இருங்க. இன்னொரு தடவை படிச்சுக்கிறேன்.

இதுக்காகவா நின்னீங்க?

ஒண்ணு சொல்லணும் மேடம். நான் சாவி எடுக்கப் போனேன்னு சொன்னேன்ல. போனது உண்மை. ஆனா போறேன்னு அவகிட்டச் சொல்லலை. வந்தேன், பாத்தேன், பொங்கலுக்கு மொத நாளு, கரும்பை வெச்சுக்கிட்டு என் பொண்ணு நிக்கிறா. 'என்ன விஷயம்?'னு கேட்டேன். அவ 'ஒண்ணும் இல்லப்பா'ன்னா. நான் பாட்டுக்குத் திரும்பி உள்ள போயிட்டேன். சாவி எடுத்துட்டு வர்றேன்மான்னு ஒரு வார்த்தை சொல்லலை. வான்னு சொல்லலை. அவ என்ன நெனச்சிருப்பா? அப்பன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்னுதானே நெனச்சிருப்பா? மூணு வருஷமா அவதான் பொறுக்கலை, அவதான் பொறுக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன். எல்லாரும் எங்க, யார் இருக்கா சொல்றதுக்கு, எனக்கு நானே சொல்லிக்கிறேன். சாவி எடுக்கத்தான் போயிருப்பேன்னு அவளுக்குப் பின்னால புரிஞ்சிருக்கு. எப்பப் புரிஞ்சுதோ. எனக்கு இப்பத்தான் புரியுது.

ரெஜினாம்மா. உங்களை எவ்வளவு நேரமா வெயில்ல நிக்க வெச்சிருக்கேன் நான். ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்கலை. நான் மட்டும் போய்க் குடிச்சுட்டு வந்து, வெட்டிவேர் போட்டதுன்னு வேற சொன்னேன். சே.

நான் இப்பச் சாவி எடுக்க உள்ள போறேன். சொல்லிட்டுத்தான் போறேன் பாருங்க. கொஞ்சம் நேரம் ஆகும், எங்க வெச்சேன்னு தெரியலை. போயிடாதீங்கம்மா. இதோ வந்துடறேன்.

வந்துட்டேன்! இருக்கீங்கல்ல? டி.வி. மேலதான் இருந்துச்சு. பூட்டு கொஞ்சம் இழுத்துப் புடிக்கும், துரு. ஆங். கொஞ்சம் பின்னால நகருங்க, கிரில் வெளிப்பக்கமாத்தான் திறக்கும்.

வாங்க.

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், பரவாயில்லை. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. இந்தாங்க தண்ணி, மொதல்ல குடிங்க. காப்பி போடுறேன், பால் இருக்கு. இருக்கும். வேண்டாம்னு சொல்லாதீங்க, அஞ்சே நிமிஷம்.

பாரத்தைக் கொடுங்க. ஆமாங்குற கட்டம் எது, இதுவா? போட்டாச்சு. உறவு, அப்பா. எத்தனை வருஷமா இந்த முகவரின்னு கேட்டிருக்காங்களா? பொறந்ததுல இருந்துன்னு எழுதறேன். கீழ காலியா ஒரு கட்டம் இருக்கே, வீட்டார் குறிப்புன்னு. அதுல நான் ஒண்ணு எழுதலாமா? எழுதினா கௌசல்யாவுக்குப் போகுமா?

போகாதா? ஆபீஸ்ல யாரோ ஒருத்தர்தான் படிப்பாங்களா?

யாரா இருந்தாலும் பரவாயில்லைம்மா. பேனாவைக் கொடுங்க. 'வாம்மா'ன்னு எழுதியிருக்கேன். கண்ணாடி போடாம எழுதிட்டேன், எழுத்து புரியுதான்னு பாருங்க.